வேரைப் பிடித்தால் சொற்கள் வசப்படும்





கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வந்த பிளஸ் டூ மாணவி ஒருவர், ஐந்நூறு ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். நோட்டில் இல்லாத ‘இன்ஸ்கிரிப்ஷன்’ வந்ததும் நின்றுவிட்டார். வங்கித் தேர்விலும் எஸ்.எஸ்.சி. தேர்விலும் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

“மதரஸாவில் ஓதியிருக்கிறாயே அம்மா, கிதாப் என்றால் என்ன?” என்று கேட்டேன்.

“புத்தகம்.”

“காதிப்?”

“எழுதுபவர்.”

“மக்தூப்?”

“எழுதப்பட்டது.”

காஃப், தா, பா என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை இவை. ஆங்கிலத்திலும் இவ்வழி உண்டு. லத்தீனிலிருந்து வந்த ‘ஸ்கிரைப்’, ‘ஸ்கிரிப்ட்’ என்ற வேருக்கு எழுதுதல் என்று பொருள். டாக்டர் எழுதித் தருவது பிரிஸ்கிரிப்ஷன். கையால் எழுதிய ஏடு மேனுஸ்கிரிப்ட். அப்படியானால் இன்ஸ்கிரிப்ஷன்? “கல்வெட்டா?” என்றார் மாணவி. சரியான விடை!

‘போர்ட்’ என்ற வேருக்குச் சுமந்து செல்லுதல் என்று பொருள். சரக்கு வெளிநாடு போனால் எக்ஸ்போர்ட்; உள்ளே வந்தால் இம்போர்ட்; ஊர்விட்டு ஊர் போனால் டிரான்ஸ்போர்ட்; சுமப்பவர் போர்ட்டர்.

ஆனால் வேர், பொருளை ஊகிக்கத்தான் உதவும். இம்போர்ட்டில் ‘இம்’ உள்ளே என்று பொருள்படும். இம்பாசிபிளில் அதுவே மறுப்பு. ஆகவே அகராதியைப் பார்த்து உறுதி செய்வது அவசியம்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. வாரம் ஒரு வேர். அதில் ஐந்து சொற்கள் போதும்.
2. ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்.
3. மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என மூன்று முறை, நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.
4. மக்ரிபுக்குப் பின் ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அருகில் அமர்ந்து கேளுங்கள்.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அல்ஜீப்ரா, அரபியின் ‘அல்ஜப்ர்’. ‘செரூட்’ நம் தமிழ்ச் சுருட்டு. திண்டுக்கல்லுக்கு ஒரு காலத்தில் பெயர் வாங்கித் தந்த சரக்கு. அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம். சொல் மட்டும் நம்முடையது!

நபி (ஸல்) அவர்கள் பணித்ததற்காக ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தைச் சில நாட்களிலேயே கற்றுத் தேர்ந்ததை ஹதீஸில் காண்கிறோம். பிற மொழி கற்பது நமக்குப் புதிதல்ல.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.

– செயலாளர்