வீணைக்காரியின் மின் கிதார்

மின் கிதார் என்றவுடன் மின்சாரம் ஊட்டப்பட்டு ஒலிக்கும் கருவி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. சாதாரண மின் கிதாரினுள் மின்கலம் கிடையாது. வெளியிலிருந்து அதற்கு மின்சாரம் வருவதும் கிடையாது. அதுவே ஒரு சிறு மின்னாக்கி. தந்திகளின் அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றிக் கம்பிச்சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி காந்தத்தின் அருகில் இருப்பதால் தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் கூடுவதும் குறைவதுமாக மாறி, சுருளில் மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது. 1831ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. நூறு ஆண்டுகள் கழித்துத்தான், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம்ப் என்பவர் இதை வெற்றிகரமாகக் கிதாரில் பொருத்தினார். 1932இல் ரிக்கன்பேக்கர் என்பவரின் கூட்டுறவில் விற்பனைக்கு வந்த அக்கருவி, வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் ‘வாணலி’ என்று பட்டப்பெயர் பெற்றது!

பாடப்புத்தகத்தில் மூன்று மதிப்பெண் வினாவாக இருந்த இந்தத் தூண்டல், சென்ற கோடை விடுமுறையில் எனக்கும் என் தோழிக்கும் கைவேலையாயிற்று. அவள் வீடு பரங்கிமலையில். ஏழு ஆண்டுகளாக வீணை பயில்கிறாள். அவளுடைய தாத்தா ரயில்வேயில் பணியாற்றியவர். 1970களில் கிறிஸ்துமஸ் நடனங்களிலும் திருமண விருந்துகளிலும் மின் கிதார் வாசித்தவர். அவர் மறைந்தபின் பரணில் கிடந்த கிதாரைப் பாட்டி இவளுக்குக் கொடுத்தார். இவளோ அதில் வீணைப் பாடங்களை வாசிக்க விரும்பினாள். பாட்டி விதித்த நிபந்தனை ஒன்றே: தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்த மரத்தின்மேல் அரம் படக்கூடாது.

அந்த ஒரு சொல்தான் எங்கள் வேலை முழுவதையும் கடினமாக்கியது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கிதார் ஊமையாக அல்லவா இருந்தது!

பெருக்கியும் இணைப்புக் கம்பியும் நன்றாகவே இருந்தன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். நல்ல நிலையிலுள்ள சுருள் ஏறத்தாழ ஆறாயிரம் ஓம் காட்ட வேண்டும். எங்களுடையது முடிவிலி காட்டியது. அதாவது உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இத்தகைய சுருளில் சுமார் எட்டாயிரம் சுற்றுகள் உண்டு. கம்பியின் விட்டமோ 0.06 மில்லிமீட்டர், நம் தலைமுடியைப் போன்ற நுண்மை. ரிச்சி தெருவில் 46ஆம் எண் எனாமல் தாமிரக் கம்பி வாங்கினோம். மேற்குத் தாம்பரத்தில் மின்விசிறிக்குக் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர், எண்ணிக்கை காட்டும் தம் சுற்றுப்பொறியில் அதை ஏற்றித் தந்தார். “இவ்வளவு மெல்லிய கம்பியை விசிறிக்குச் சுற்றினால் பட்டென்று எரிந்து போகும், பாப்பா” என்று சிரித்தார். விசிறியில் மின்னோட்டம் மிகுதி. கிதாரிலோ ஒரு வோல்ட்டுக்கும் குறைவான குறிப்பலைதான் பிறக்கிறது. ஆகவே கிதாரைத் திறந்து வேலை செய்வதில் அபாயமில்லை. பெருக்கியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

சுற்றி முடித்த சுருளை உருகிய மெழுகில் அமிழ்த்த வேண்டும். சுற்றுகள் தளர்வாக இருந்தால் அவையே அதிர்ந்து, பெருக்கியின் ஒலியோடு சேர்ந்து ஊளையிடும். மெழுகு இடுக்குகளில் புகுந்து அவற்றை அசையாமல் பிடிக்கிறது. கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் வைத்த கிண்ணத்தில் மெழுகை உருக்கினோம். நேரே தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த தோழிக்கு வீணையின் நினைவு வந்தது. வீணையிலும் 24 மெட்டுகளை மெழுகின்மேல்தான் பதிக்கிறார்கள். ‘மேளம் கட்டுதல்’ என்று அதற்குப் பெயர்.

கிதார் பேசியது. ஆனால் கமகம் பேசவில்லை.

வீணையின் மெட்டுகள் தண்டியிலிருந்து நன்கு உயர்ந்து நிற்பவை. விரல் தந்தியை மட்டுமே தொடுகிறது. கீழே மரம் எட்டுவதில்லை. ஆகவே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் மூன்று நான்கு சுரங்கள் வரை காட்ட முடிகிறது. கிதாரின் மெட்டோ ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ளது. விரல்நுனி விரற்பலகையில் அழுந்தி உராய்கிறது, தந்தி நழுவுகிறது. பஞ்சமத்தில் வைத்து இழுத்தால் சதுசுருதி தைவதத்துக்குமேல் ஏற மறுத்தது எங்கள் கிதார்.

இதே தடையைச் சந்தித்தவர் ஜான் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர். அவர் வீணையும் பயின்றவர். 1970களின் நடுவில் வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை அமைத்தபோது, கிப்ஸன் நிறுவனக் கைவினைஞரான ஏப் வெக்டரிடம் ஒரு கிதாரைச் செய்வித்தார். அதில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் பள்ளமாகக் குடையப்பட்டிருந்தது. சுருதிக்காக ஏழு தந்திகள் குறுக்கே தனியாக ஓடின. மெட்டை உயர்த்துவதும் மரத்தைத் தாழ்த்துவதும் விரலுக்கு ஒன்றுதானே! பின்னர் தம் மின் கிதாரிலும் அவர் இவ்வாறே குடையச் செய்தார். நம் நகரத்திலேயே வாழ்ந்த மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) வேறொரு வழி கண்டார். நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்தார். இரட்டைத் தந்தியை ஒருசேர இழுத்துக் கமகம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது முயன்று பார்த்தவர்க்கே தெரியும்.

வழி தெரிந்தது. ஆனால் குடைந்த மரம் திரும்ப வராது. பாட்டியின் நிபந்தனையோ அப்படியே நின்றது.

இங்கே எங்களுக்கு உதவியவர் கிதார் வாசிக்கத் தெரியாத ஒருவர்! கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்த்துவந்த லியோ பெண்டர், 1950இல் தாம் வெளியிட்ட மின் கிதாரில் தண்டியை உடலோடு பசையிட்டு ஒட்டாமல் திருகாணிகளால் பூட்டினார். பழுதான தண்டியை எளிதில் மாற்றலாம் என்பது அவர் கணக்கு. தாத்தாவின் கிதார் அவ்வடிவத்தைப் பார்த்து இந்தியாவில் செய்யப்பட்டது. அதிலும் நான்கு திருகாணிகளே. தாத்தாவின் தண்டியைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, வேறொரு தண்டியைக் குடைந்து பூட்டினால் என்ன?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பழம்பொருள் இல்லை என்பார்கள். மூன்றாவது வாரத்தில் உடைந்த கிதார்கள் இரண்டு அகப்பட்டன. எதை வாங்குவது? இங்கேதான் கணக்கு வேண்டும். ஓர் எண்மத்தில் 12 சமப் படிகள். ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 1.0595 மடங்காகிறது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் சுருதிகளைச் சம விகிதத்தில் கணக்கிட்டுக் காட்டியதும் இம்முறையில்தான். தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். மீதி நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்தது. தாத்தாவின் கிதாரில் மேருவிலிருந்து குதிரை வரை 648 மி.மீ. ஆகவே முதல் மெட்டு 36.4 மி.மீ. தொலைவிலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 324 மி.மீ. தொலைவிலும் இருக்க வேண்டும். தோழி தையல் நாடாவை நீட்டினாள். முதல் கிதாரில் 314 மி.மீ.; பார்வைக்கு அழகு, எங்களுக்குப் பயனில்லை. அதைப் பூட்டியிருந்தால் மேலே போகப்போக எல்லாச் சுரமும் பிசகும். இரண்டாவது கிதார், உடல் பிளந்து அழுக்கேறிக் கிடந்தது, அதில் 324. வாங்கிவிட்டோம்.

திருகாணித் துளைகள் பொருந்தவில்லை. தச்சர் ஒருவர் பழைய துளைகளை மரக்குச்சியால் அடைத்துப் புதிதாகத் துளையிட்டார். பிறகு மெட்டுகளின்மேல் நாடா ஒட்டி மறைத்து, அரைவட்ட அரத்தால் இடைமரத்தைத் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கினோம். பள்ளத்தின் ஆழம் நடுவில் 2 மி.மீ.தான். விரற்பலகையின் கனமே ஐந்தாறு மி.மீ.; அதன்கீழ் தண்டியை வளையாமல் காக்கும் எஃகுக்கோல் இருக்கிறது. பேராசை கூடாது. இருபத்தொரு பள்ளங்களுக்குப் பதினொரு நாட்கள் ஆயின.

தந்தியிலும் கைவைத்தோம். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதைப் படித்திருக்கிறோம். நான்கு அரைச்சுரம் ஏற்ற இழுவிசை 1.59 மடங்காக வேண்டும். வழக்கமான 0.010 அங்குல முதல் தந்தி 3 கட்டையில் சுமார் 7.3 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையில் நிற்கிறது. அதை மேலும் இழுக்க இவள் விரலால் ஆகாது. 0.009 தந்தியைப் போட்டு 2 கட்டைக்கு இறக்கினோம். இழுவிசை 4.7 கிலோவாகக் குறைந்தது. நான்கு அரைச்சுரம் இழுத்தபின்னும் 7.5 கிலோதான். மற்றத் தந்திகளை வீணைமுறைப்படி பஞ்சமம், மந்தர சட்சம், அனுமந்தர பஞ்சமம் என்று அமைத்தோம். மூன்றாம் இடத்தில் நான்காம் தந்தியையும், நான்காம் இடத்தில் ஐந்தாம் தந்தியையும் மாட்ட வேண்டியிருந்ததால், மேருவின் பள்ளங்களைச் சிறிது அகலப்படுத்தினோம். மிஞ்சிய இரண்டு பிரடைகளுக்கும் இப்போதைக்கு வேலையில்லை.

கைபேசியில் சுருதி அளக்கும் செயலியை வைத்துக்கொண்டு, ஏழாம் மெட்டில் பஞ்சமத்தைத் தொட்டு மீட்டினாள்: 440. இழுத்தாள். முன்பு 494இல் நின்ற எண் 523ஐத் தாண்டி, 554இல், காகலி நிஷாதத்தில், போய் நின்றது. பக்கத்து அறையிலிருந்த பாட்டி எட்டிப் பார்த்தார். தாத்தாவின் தண்டி, நான்கு திருகாணிகளோடு அவருடைய பீரோவில் துணி சுற்றி இருக்கிறது.

குடைந்த பலகையில் ஒரு சிக்கல் உண்டு. செய்ய விரும்புவோர் அறிந்திருக்க வேண்டும். சற்று அழுத்திப் பிடித்தாலும் தந்தி பள்ளத்துக்குள் இறங்கிச் சுருதி ஏறிவிடும். கிதார் பழகியவர்கள் இதில் முதலில் திணறுவார்கள். தோழிக்கு வீணைக் கை. அவள் முதல் நாளே சரியாகத் தொட்டாள். நான் வாசித்தால்தான் எல்லாச் சுரமும் அரைக்கால் ஏறி ஒலிக்கிறது.