வீட்டை விட்டுப் போன பிள்ளைக்குத் தங்க இடமும் மருந்தும்



ஒரு கிராமத்தில் தம்பதியர் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு தாயார் தனியே வந்து கேட்டார்: "அய்யா, எம்மவன் வீட்டை விட்டுப் போயி ஒரு வருஷம் ஆச்சு. பதினேழு வயசு. ரயிலடியில இருமிக்கிட்டுக் கெடந்தானாம். டி.பி.ன்னு சொல்லி ஏதோ இல்லத்துல வெச்சிருக்காங்க. அது ஜெயிலுங்களா?"

ஜெயில் அல்ல, அம்மா. 18 வயது நிரம்பாத பிள்ளை ஆதரவின்றித் திரிந்தால் யார் வேண்டுமானாலும் 1098-க்குக் கூப்பிட்டுச் சொல்லலாம், காசு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் அப்பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எங்கே தங்குவது என்பதைக் குழு முடிவு செய்யும். 18 முடிந்ததும் மறுபடி தெருவுக்கு வந்துவிடக் கூடாதே என்று, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பிற்காப்புக்கும் வழி வைத்திருக்கிறது. பொதுவாக 21 வயது வரை தங்குமிடம், தொழிற்பயிற்சி போன்ற உதவிகள் கிடைக்கும்.

மருந்துக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாதம் மாத்திரை. சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும். "சரியாப் போச்சு" என்று நிறுத்தினால் மிச்சக் கிருமி அதே மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். பிளாட்பாரத்தில் படுப்பவன் மாத்திரைப் பையை எங்கே வைப்பான்? இன்று இந்த ஊர், நாளை எந்த ஊரோ! இல்லத்தில் வேளைக்குச் சோறு உண்டு. மாத்திரை போட்டானா என்று பார்க்க ஆள் உண்டு.

நடுவில் வீடு திரும்பினால் சிகிச்சைச் சீட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். மீதி மாத்திரையை நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பெறலாம். சத்துணவுக்கான உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கு எண் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம். இந்நோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.

வந்த அன்றைக்கே "எங்கேடா போனே?" என்ற விசாரணை வேண்டாம். தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறேன்; அடிக்குப் பயந்து ஓடிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கமில்லாமல், பேச்சில்லாமல் இருந்தால் மனநல ஆலோசனைக்கு 14416-க்குப் போன் செய்யலாம்.

குழுவுக்குப் போகும்போது பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஒரு போட்டோ எடுத்துப் போங்கள். கணவன் மனைவி இருவருமே போங்கள்.