கோலி கிராஸ் குட்டிக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்

"கோலி–கிரேஹவுண்ட் கிராஸ், ஓட்டமும் உண்டு, புத்தியும் உண்டு" என்று யாராவது உங்கள் வாட்ஸ்அப்புக்குக் குட்டி போட்டோ அனுப்பியிருந்தால், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் தோப்பு, ஆட்டுப்பட்டி, தோல் குடோன் வைத்திருக்கும் பலர் நாயின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்துவிட்டோ, நாயையே பறிகொடுத்துவிட்டோ நிற்கிறார்கள்.

இந்தக் கலப்புக்கு இங்கிலாந்தில் லர்ச்சர் என்று பெயர். கிரேஹவுண்டின் காலும் ஆடு மேய்க்கும் கோலியின் மூளையும் ஒரே உடம்பில் இருந்தால் முயல் பிடிக்கத் தோது என்று உருவாக்கினார்கள். கள்ள வேட்டைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த நாய் இது. குளிர் தேசத்துக்கும் முயல் வேட்டைக்கும் ஏற்பட்டது. நம் ஊரிலோ அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், முயல் வேட்டை சட்டப்படி குற்றம். நாய் நல்ல நாய்தான். உங்கள் வேலைக்கு ஏற்ற நாயா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• நாய்க்கு என்ன வேலை என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இரவுக் காவலா, ஆடுகளை மடக்குவதா, குடோனில் பெருச்சாளி விரட்டுவதா, நிலக்கடலைக் கொல்லையில் பன்றி வந்தால் குரைத்து எழுப்புவதா? கோலி ஆட்டை மடக்கும். கிரேஹவுண்ட் ஓடுவதைத் துரத்தும். ராத்திரி முழுக்க வாசலில் கிடந்து அந்நியரை எதிர்ப்பது இரண்டின் இயல்பிலும் இல்லை. காவல்தான் வேலை என்றால் இந்தக் கலப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

• நம் இனங்களை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஓட்டத்துக்கு விருதுநகர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னியும் இருக்கின்றன. காவலுக்கு ராஜபாளையமும் தேனி மாவட்டத்துக் கோம்பையும் இருக்கின்றன. குட்டையான முடி, வெயிலுக்குப் பழகிய உடம்பு. பட்டிக்குக் காவல் மட்டும் போதுமென்றால், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆட்டுக் கிடையோடு வளர்ந்த நாட்டு நாயின் குட்டியே நான் முதலில் சொல்வது.

• தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பார்த்த பிறகே குட்டியைத் தொடுங்கள். கலப்பில் எந்தக் குட்டிக்கு எதன் குணம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் ஒன்று கோலியாகவும் மற்றது கிரேஹவுண்டாகவும் நிற்கும். தாய் உங்களைக் கண்டு மூலையில் பதுங்கினால் திரும்பிவிடுங்கள்.

• எந்தக் கோலி என்று கேளுங்கள். பார்டர் கோலி கிடை மேய்க்கும் நாய். அடர்ந்த முடியும் நீண்ட மூக்குமாக சினிமாவில் வரும் லாஸ்ஸி, ரஃப் கோலி. விற்பவருக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் தகப்பன் யார் என்பதும் அவருக்குத் தெரியாது.

• எட்டு வாரம் முடிந்த குட்டியை மட்டும் வாங்குங்கள். அதற்கு முன் விற்பதை 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தடுக்கின்றன; வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

• காதையும் கண்ணையும் சோதியுங்கள். குட்டிக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள், திரும்ப வேண்டும். சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும் மெர்ல் நிறம் தாய், தகப்பன் இரண்டுக்கும் இருந்தால், செவிடோ குருடோ ஆன குட்டிகள் பிறக்க வாய்ப்பு அதிகம். அந்த ஈற்றையே தொடாதீர்கள்.

• தடுப்பூசி அட்டையை, குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். பார்வோ குட்டியை நான்கைந்து நாளில் முடித்துவிடும்; டிஸ்டெம்பரும் உயிரைக் குடிக்கும். எலி நடமாடும் தோல் குடோனில் வேலை என்றால் எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்த தடுப்பூசிதானா என்று கேட்டுப் போடுங்கள். மூன்று மாத வயதில் ரேபிஸ், பிறகு வருடாவருடம்.

• மருத்துவ அட்டையின் மேலேயே சிவப்பு மையில் "கோலி–கிரேஹவுண்ட் கலப்பு" என்று எழுதி வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கோலி இரத்தத்தில் ஒரு மரபணுக் குறை உண்டு. ரஃப் கோலியில் மிக அதிகம், பார்டர் கோலியில் குறைவு. மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளும் வேலையை அது கெடுத்துவிடுகிறது. உண்ணிக்கும் சொறிக்கும் போடும் ஐவர்மெக்டின் அதில் முக்கியமானது. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கொடுக்கும் லோபராமைடு மாத்திரையும் சேர்த்தி. கிரேஹவுண்டுக்கோ மயக்க மருந்தில் பிரச்சினை: தயோபென்டோன் போட்டால் மற்ற நாய்களைவிட நீண்ட நேரம் எழாமல் கிடக்கும். உங்கள் குட்டி இரண்டையும் சுமக்கலாம். கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது அட்டையை டாக்டர் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லுங்கள்.

• கழுத்துப் பட்டையை அளவெடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை நாய்க்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. கடையில் வாங்கும் ஒல்லிப் பட்டையைப் பூட்டி இழுத்தால், நாய் தலையைத் தாழ்த்தி இரண்டடி பின்வாங்கும். பட்டை உங்கள் கையில், நாய் ரோட்டில். நீங்கள் இருப்பது தோல் ஊர். பெல்ட் தைப்பவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் கேளுங்கள். குரோம் தோல் மெத்தென்று இழுபடும், இது விறைப்பாக நிற்கும். இரண்டு அங்குல அகலம், உள்பக்கம் மெல்லிய தோல் வைத்து இரட்டைத் தையல், கொக்கி இருக்குமிடத்தில் ரிவெட்டை மட்டும் நம்பாமல் தையலும். அளவைக் காதுக்குக் கீழே, கழுத்தின் மேற்பகுதியில் எடுங்கள். இரண்டு விரல் நுழையும் இடம் போதும்.

• குட்டியாக இருக்கும்போதே ஆடு, கோழியோடு பழக்குங்கள். கயிற்றில் பிடித்தபடி தினமும் பட்டிக்குள் உட்கார வையுங்கள். ஆட்டுக்குட்டி துள்ளும்போது நாய் முறைத்துப் பார்த்தால் உடனே அதன் முகத்தைத் திருப்புங்கள். அந்தப் பார்வைக்கு அடுத்தது பாய்ச்சல்தான்.

• விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் வேலை வாங்குங்கள். நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கி, சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

• ராகிக் களியோடு முட்டையோ வேகவைத்த ஈரலோ சேர்த்துக் கொடுங்கள். களி மட்டும் ஓடும் நாய்க்குப் போதாது. ஓடி வந்து மூச்சு அடங்கிய பிறகே சோறு.

செய்யக்கூடாதவை

• பார்க்காத குட்டிக்கு ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். போட்டோவில் இருப்பது வேறு குட்டி. அடுத்து வண்டி வாடகை, ஊசிச் செலவு என்று கேட்டுக்கொண்டே போவார்கள், கடைசியில் போன் எடுக்க மாட்டார்கள்.

• உண்ணிக்கு மாட்டு ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் பாட்டிலில் மீதி இருக்கிறது என்று கோலி இரத்தமுள்ள நாய்க்குப் போட்டால், தள்ளாடி, எச்சில் ஒழுகி, கண் தெரியாமல் போய், கோமாவில் விழலாம். அதற்கு முறிமருந்து கிடையாது. கோலிக்கும் ஒத்துவரும் உண்ணி மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

• காப்புக்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாய் முயலைப் பிடித்தாலும் குற்றவாளி நீங்கள்தான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாயை விட்டுப் பிடிப்பதையும் வேட்டை என்றே பார்க்கிறது. உடும்பைப் பிடித்தால் இன்னும் மோசம்: அது அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தண்டனை குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. "நாய்தான் ஓடிப்போய்ப் பிடித்தது" என்று வனத்துறையிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

• கொல்லையில் மயில் மீது ஏவாதீர்கள். மயிலும் அதே முதல் அட்டவணை. குரைத்தாலே பறந்துவிடும், அவிழ்த்துவிடத் தேவையில்லை.

• மலையோரத் தோப்பில் ராத்திரி வெளியே கட்டிப்போடாதீர்கள். கட்டிய நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. 2024 ஜூனில் சிறுத்தை திருப்பத்தூர் நகருக்குள்ளேயே வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஒரு இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்தார். தகரக் கதவு போட்ட அறையில் அடையுங்கள்.

• பாலாற்றுக் குட்டையிலும் டேனரி வாய்க்காலிலும் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். தோல் கழிவால் பாலாறு கெட்ட கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது. கெட்டது இன்னும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கிடக்கிறது. தோப்பிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு லிட்டர் கேனும் ஒரு கிண்ணமும் வண்டியில் இருக்கட்டும்.

• டேனரி சவ்வுக் கழிவையும் தோல் துண்டையும் தின்னக் கொடுக்காதீர்கள். சவ்வில் சுண்ணாம்பும் சல்ஃபைடும் இருக்கும், வாயையும் குடலையும் புண்ணாக்கும். நீலநிறத் தோல் துண்டு குரோம் ஏறியது, குடலையும் அடைக்கும். உப்புப் போட்ட பச்சைத் தோல் அடுக்கியிருக்கும் இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டால் உப்பை நக்கிக்கொண்டே இருக்கும். குடோனில் பெருச்சாளி விரட்ட விடுகிறீர்கள் என்றால் தோல் அடுக்குக்கும் நாய்க்கும் நடுவே ஒரு தடுப்புப் போடுங்கள்.

• பைக்கில் கட்டி ஓட்டப் பழக்காதீர்கள். பெங்களூர் ஹைவேயின் சர்வீஸ் ரோட்டில் இதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. ஒரு வயதுக்குள் எலும்பு முதிர்ந்திருக்காது. சூடான தாரில் பாதத் தோல் உரியும். நாய் குறுக்கே பாய்ந்தால் இருவரும் லாரிக்கு அடியில்.

• வெயில் என்று மொட்டையடிக்காதீர்கள். கோலி முடி நீளமாக வந்திருந்தால் சீவி, உதிரும் உள்முடியை எடுங்கள். வழித்துவிட்டால் வெயில் நேராகத் தோலைச் சுடும்.

• பிரியாணி எலும்பையும் வெங்காயப் பச்சடியையும் போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும்.

• எருது விடும் விழா நாளில் அவிழ்த்துவிடாதீர்கள். தெருவில் காளை ஓடினால் துரத்தும் இரத்தம் சும்மா இருக்காது. தை மாதம் முழுக்க, ஊரில் விழா என்று தெரிந்த அன்று காலையிலேயே கதவை மூடிவிடுங்கள்.

• கடி பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் நாய், ஊசி போட்ட நாய் என்றாலும் போங்கள்.

• வேலைக்கு ஆகவில்லை என்று ஹைவேயில் இறக்கிவிட்டு வராதீர்கள். அது விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படி விடப்பட்டவைதான் டேனரி குப்பைமேட்டில் கூட்டமாகத் திரிந்து ஆட்டுப்பட்டிக்குள் நுழைகின்றன. வாங்கும் அன்றே, "ஒரு வருடத்துக்குள் ஒத்துவராவிட்டால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்று விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் தயங்கினால் அந்த வீட்டில் வாங்காதீர்கள்.