வீட்டிற்குத் தனி மின்சுற்று: செலவும் சிக்கனமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க் குழுவினர், "சார், இந்த முறை எல்லார் வீட்டுக்கும் பயன்படுகிற மாதிரி ஒன்று எழுதுங்கள்" என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பித்தவன் நான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, என் சொந்த வீட்டில் ஒரு சாதாரண வகுத்தல் கணக்கைச் செய்யத் தவறினேன். அதை ஒளிக்காமல் எழுதினால் யாருக்காவது பயன்படும் என்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

நாங்கள் குடியிருப்பது ஜோர்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீடு. இத்தகைய வீடுகளின் அமைப்பைப் பினாங்கு வாசிகள் அறிவார்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். மீட்டரும் மெயின் சுவிட்சும் வாசற்புறத்தில் இருக்கும். குளியலறையோ நடுமுற்றத்தையும் சமையற்கட்டையும் தாண்டிப் பின்கட்டில் இருக்கும்.

என் துணைவியாருக்கு மூட்டுவலி. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியவில்லை என்பதால் ஒரு வாட்டர் ஹீட்டர் வாங்கினோம். பொருத்துவதற்கு இருவரிடம் விலை கேட்டேன். ஒருவர், சமையற்கட்டு பிளக்கிலிருந்து இழுத்துத் தருவதாகக் கூறி 180 வெள்ளி கேட்டார். மற்றவர் பதிவு பெற்ற வயர்மேன். மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் போட வேண்டும், 680 வெள்ளி ஆகும் என்றார். ஒரே ஹீட்டருக்கு 500 வெள்ளி வித்தியாசமா என்று நான் முதலாமவரை அழைத்தேன்.

சில நாள்களில், காலையில் கெட்டிலைப் போட்டால் சுவிட்ச் விழத் தொடங்கியது. மீண்டும் மீண்டும் தூக்கி விட்டேன். இரண்டாம் மாதம் ஒரு நாள், துணைவியார் குளித்துக்கொண்டிருக்கையில் சமையற்கட்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், பிளக் பழுப்பேறி உருகியிருந்தது. மெயினை அடைத்துவிட்டு இரண்டாமவரையே கூப்பிட்டேன். அவர் பிளக் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, எர்த் வயரை எதிலேயும் சேர்க்காம சும்மா சுருட்டி வச்சிருக்கு. இதிலேயா அம்மா ரெண்டு மாசமா குளிச்சாங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

செய்யத் தவறிய கணக்கு

ஹீட்டரின் மேல் ஒட்டியிருந்த தாளில் 3,600 வாட், 230 வோல்ட் என்று இருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 3,600-ஐ 230-ஆல் வகுக்க, 15.65 ஆம்பியர். நம் சதுரக் கால் பிளக் தாங்கக்கூடியதோ 13 ஆம்பியர். நான்காம் வகுப்பு மாணவன் இதில் தவறினால் அவன் காதைத் திருகியிருப்பேன்.

அப்படியானால் பிளக்கிலுள்ள பியூஸ் ஏன் உடனே அறுந்துபோகவில்லை என்று கேட்கலாம். 13 ஆம்பியர் பியூஸ், அளவைச் சற்றுத் தாண்டிய மறுநொடியே அறுந்துவிடாது. சிறு மிகையை நெடுநேரம் தாங்கும். அதற்குள் பிளக்கின் கால்களும் இறுக்கமில்லாத இணைப்புகளும் சூடேறிவிடும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி.

2,000 வாட் கெட்டிலும் அதே லைனில் சேர்ந்தால் மேலும் 8.7 ஆம்பியர். மொத்தம் 24.35. அந்த லைனுக்கு இருந்ததோ 20 ஆம்பியர் சுவிட்ச். அது விழுந்தது பழுதினால் அன்று. அது தன் கடமையைச் செய்தது. நான்தான் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன்.

தனி மின்சுற்று என்பது யாது?

மெயின் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கருவிக்கு மட்டும் செல்லும் கம்பியும், அதற்கென்றே அமைந்த பாதுகாப்புச் சுவிட்சுமே தனி மின்சுற்று. வாட்டர் ஹீட்டர், குளிர்சாதனக் கருவி, பெரிய மின் அடுப்பு, இக்காலத்தில் மின்கார் சார்ஜர் ஆகியவற்றுக்கு இது வேண்டும். தொலைக்காட்சிக்கும் மின்விசிறிக்கும் வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் தனி லைன் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

குளியலறைக்கு இன்னொரு காவலும் தேவை. அதுவே மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச். நாம் பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்கிறோம். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், ஈரமான இடங்களுக்கு இது 10 மில்லிஆம்பியரிலும், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியரிலும் துண்டிக்க வேண்டும் என்கின்றன. 10 மில்லிஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. ஏறத்தாழ அந்த அளவிலேயே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாத நிலை ஏற்படும். நனைந்த உடம்பில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால்தான் குளியலறைக்கு இந்தக் கண்டிப்பு.

680 வெள்ளி எங்கே போயிற்று?

வயர்மேன் எனக்கு எழுதிக் கொடுத்த கணக்கு இது. கம்பிக்கு 210, கம்பி செல்லும் பிளாஸ்டிக் குழாய்க்கு 80, 10 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி.யும் சிறு பெட்டியும் 150. குளியலறைக்கு வெளியே வைக்கும் 20 ஆம்பியர் சுவிட்ச் 30. கூலியும் சோதனையும் 210. ஆக மொத்தம் 680 வெள்ளி. இது என் வீட்டுக் கணக்கு. உங்கள் வீட்டில் கூடலாம், குறையலாம். எதனால் கூடும், குறையும் என்பதையே நாம் அறிய வேண்டும்.

முதலாவது, தூரம். என் வீட்டில் பெட்டியிலிருந்து குளியலறைக்கு 25 மீட்டர். போகும் கம்பி, வரும் கம்பி, எர்த் கம்பி என மூன்று ஓடுவதால் 75 மீட்டர் கம்பி. தாமான் வீட்டில் குளியலறை பெட்டிக்கு அருகிலேயே இருந்தால் இந்தச் செலவு பாதிக்கும் கீழே போய்விடும்.

இரண்டாவது, பெட்டியில் இடம். காலியிடம் இருந்தால் ஒரு சிறு சுவிட்ச் மட்டும் போதும். இல்லையெனில் புதுப் பெட்டி வேண்டும்.

மூன்றாவது, சுவர். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழஞ்சுவரைக் கொத்திக் கம்பி புதைப்பது செலவும் சேதமும் ஆகும். ஜோர்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பகுதிக் கட்டடங்களில் கைவைக்குமுன் மாநகர் மன்றத்திடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. சுவரின் மேலேயே குழாய் ஓட்டுவது மலிவு. பிறகு சோதிக்கவும் எளிது.

நான்காவது, பழைய வயரிங்கின் நிலை. நகரின் பழைய வீடுகள் பல, 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1999 இறுதிவரை இருந்தவை. குறைந்த வாடகை வாங்கிய வீட்டுக்காரர் செலவு செய்ய மாட்டார். தன் வீடல்லாத வீட்டுக்குக் குடியிருப்பவரும் செய்ய மாட்டார். இப்படி வயரிங்கைத் தொடாமலே காலம் தள்ளிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அங்கே எர்த்தே சரியில்லையென்றால், ஒரு லைனுக்கு வந்தவர் மேலும் வேலை இருக்கிறது என்று சொல்வது ஏமாற்று ஆகாது.

ஐந்தாவது, வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அளவு. சிங்கிள் பேஸ் இணைப்பு 12 கே.வி.ஏ. வரைக்குமானது. இரண்டு ஹீட்டர், மூன்று குளிர்சாதனம், அடுப்பு என்று அடுக்கினால் திரீ பேஸ் இணைப்புக்குத் தெனாகா நேஷனலிடம் விண்ணப்பிக்க நேரலாம். அது வேறு செலவு. கருவி வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போது

"எவ்வளவு?" என்று மட்டும் கேட்டது என் பிழை. வேறு நான்கு கேள்விகள் கேட்டிருக்க வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா, சான்றிதழைக் காட்ட முடியுமா? லைன் மெயின் பெட்டியிலிருந்து வருகிறதா, வேறு பிளக்கிலிருந்தா? கம்பியின் தடிமன் என்ன? (எனக்குப் போட்டது 4 சதுர மில்லிமீட்டர்.) வேலை முடிந்ததும் எர்த்தையும் ஈ.எல்.சி.பி.யையும் என் கண்ணெதிரே சோதித்துக் காட்டி, அதற்கான சான்றிதழ்களில் கையெழுத்திட்டுத் தருவீர்களா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே இரண்டு விலைகளை ஒப்பிட வேண்டும். நான் ஒப்பிட்டவை ஒரே வேலையின் இரு விலைகள் அல்ல. இரு வேறு வேலைகளின் விலைகள்.

இதில் எனக்கு வெட்கம் தருவது ஒன்றுண்டு. கோயில் திருவிழா விளக்கு அலங்காரத்திற்கு ஏற்பாடு செய்யும்போது, "வயர்மேனின் சான்றிதழ் எங்கே?" என்று கூட்டத்தில் முதலில் கேட்பவன் நான். பொதுப்பணம், பொதுமக்கள் என்ற கவனம் அங்கே இருந்தது. என் வீட்டு அம்மாள் குளிக்கும் இடத்தில் அது இல்லாமற் போயிற்று. இறுதியில் இருவருக்கும் சேர்த்து 860 வெள்ளி கொடுத்தேன். சிக்கனம் என்று நினைத்த 180 வெள்ளி வீணாயிற்று. வேறொன்றை இழக்காமல் தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல.

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கிறோம். அப்போது ஒரு வயர்மேனை அழைத்து பிளக்குகளையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.எல்.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். சுவிட்ச் விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். தனியே வாழும் முதியோர் வீடுகளுக்குப் போகும்போது, அவர்கள் குளியலறை ஹீட்டர் எந்த பிளக்கில் மாட்டியிருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள். பழுப்பேறிய பிளக்கைக் கண்டால், அன்றே அதை அடைத்துவிட்டு, பதிவு பெற்ற ஒருவரை அழைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.