மலைச்சரிவுக் கமங்களில் மண்சரிவை முன்னறிதலும் சேதத்தைக் குறைத்தலும்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணி, அதனை அடுத்துள்ள மஸ்கெலியா, நோர்வூட் முதலிய பகுதிகள் தென்மேல் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் சரிவுகளாகும். ஆதலின் மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இங்கு மழை மிகுதியாகப் பெய்வதைக் கமக்காரர் அனைவரும் அறிவர். மத்திய மலைத்தொடரின் கீழ்ப்புறத்திலுள்ள வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பகுதிகளுக்கோ பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகின்றது. 2007 சனவரியில் அங்கு நிகழ்ந்த மண்சரிவுகள் அத்தகைய மழையின் விளைவேயாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரு பக்கங்களும் நனையும். எனவே தத்தம் மலை எந்தக் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கின்றது என்பதை அறிந்து, அப்பருவம் தொடங்குதற்கு ஒரு மாதம் முன்னரே ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

மண் சரிவது எவ்வாறு?

மலைச்சரிவில் மேல்மண்ணுக்குக் கீழே கடினமான பாறை இருக்கின்றது. மழைநீர் மண்ணின் நுண்டுளைகளை நிரப்பிப் பாறைவரை இறங்கி, மேலும் இறங்க வழியின்றி அங்கே தேங்குகின்றது. நீரேறிய மண் பாரங் கூடுகின்றது. அதே நேரத்தில் தேங்கிய நீரின் அமுக்கம் மண்ணுக்கும் பாறைக்குமுள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றது. சாய்த்து வைத்த கருங்கல்லின்மேல் ஒட்டிய களிமண், காய்ந்திருக்கும்போது நிற்பதும் நீரூற்றியவுடன் வழுகுவதும் போன்றதே இது. ஒரு நாள் மழை செய்யாததை மூன்று நாள் தொடர்மழை செய்வதும், மழை விட்டபின் மறுநாள் மலை இறங்குவதும் இதனாலேயே. மழை நின்றுவிட்டது என்று உடனே வீடு திரும்புதல் தக்கதன்று.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் லயக் குடியிருப்புகள் மண்ணுள் புதையுண்டன. அச்சரிவு அபாயமானது என்பது அன்றுதான் தெரியவந்ததன்று. 2005இலும் 2011இலும் அங்குள்ளோர் வேறிடத்துக்குச் செல்ல வேண்டுமென எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையை மதியாத மக்கள் என்று இறந்தோரைக் குறைகூறுவாரும் உளர். அது நியாயமன்று. சொந்த நிலமில்லாத லயவாசிக்கு வேறிடஞ் செல்லுதல் காகிதத்தில் எழுதுவதுபோல் எளிதன்று. எனினும் நிரந்தரமாக வேறிடம் கிடைக்கும்வரை, ஆபத்தான ஓரிரவு அல்லது ஈரிரவுகளில் மட்டுமாவது அவ்விடத்தை விட்டு நீங்குதல் ஒவ்வொரு குடும்பத்தாலும் இயலும். எந்த இரவில் நீங்குவது என்பதை அறிதற்கே இப்பிரசுரம் எழுதப்படுகின்றது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலும் நேர்ந்த மண்சரிவுகள் இத்தேவையை மீண்டும் மீண்டும் உணர்த்தியுள்ளன. டிட்வாவில் நாடெங்கும் உயிரிழந்தோர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோராவர்.

மழையை அளத்தல்

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. மஞ்சள், விழிப்பாயிருக்க, செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாகுக, சிவப்பு, உடனே வெளியேறுக என்பதாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை முதற்படிக்கும், 100 மில்லிமீற்றர் இரண்டாம் படிக்கும், 150 மில்லிமீற்றர் அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மூன்றாம் படிக்கும் அளவாகக் கொள்ளப்படுகின்றன. பழைய அளவில் இவை ஏறத்தாழ 3, 4, 6 அங்குலங்களாம்.

இவ்வெச்சரிக்கை ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் பொதுவாக விடுக்கப்படுவது. மலைநாட்டிலோ ஒரு மடுவில் கொட்டும் மழை அடுத்த மடுவில் தூறலாயிருத்தல் உண்டு. ஆகவே ஒவ்வொரு லயத்துக்கும், ஒவ்வொரு வயற்றொகுதிக்கும் ஒரு மழைமானி இருத்தல் நன்று. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, ஓட்டையற்ற தகரப் பேணியொன்று போதும். வாய் உட்புறமாக ஒடுங்கியிருப்பின் அவ்விளிம்பை வெட்டிவிடுக. கூரைத் தாழ்வாரமும் மரக்கிளையும் மறையாத வெளியிடத்தில், சாயாதபடி கற்களிடையே அதனை நிறுத்துக. காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தை நேராக உள்ளே இறக்கி நீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து, கொப்பியொன்றிற் குறித்தபின் நீரை ஊற்றிவிடுக. அடிமட்டத்தின் பூச்சியக் கோடு நுனியிலிருந்து தொடங்காவிடின், அவ்விடைவெளியையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

பெருமழைக் காலத்தில் மாலையிலும் ஒருமுறை பார்த்தல் மிக அவசியம். மாலை 5 மணிக்குள் 100 மில்லிமீற்றர் ஆகி, மழையும் விடாதிருப்பின், சிவப்பு எச்சரிக்கை வரட்டும் என்று காத்திராது வெளிச்சத்திலேயே வெளியேறிவிடுவது எமது ஆலோசனை. இருளில், வழுக்கும் ஒற்றையடிப் பாதையில், குழந்தைகளோடும் முதியோரோடும் இறங்குதல் தனியே ஓர் ஆபத்து.

நிலம் காட்டும் அறிகுறிகள்

நிலம் பெரும்பாலும் சொல்லாமற் சரிவதில்லை. கொழுந்து பறிக்கச் செல்வோரும், வயலுக்கு நீர் கட்டுவோரும், மரக்கறிப் பாத்திகளுக்கு இடையே நடப்போருமே அதனை முதலிற் காணக்கூடியவர்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. நேராயிருந்த மரமும் மின்கம்பமும் சாய்தல். கதவு, சன்னல் திடீரென இறுகுதல். முன்பு ஊற்றில்லாத இடத்தில் நீர் கசிதல். தெளிந்த ஊற்று சேறாதல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் அன்றே அறிவித்தல் வேண்டும். அடைமழையின்போது ஓடை திடீரென வற்றினால் மகிழற்க. மேலே மண் விழுந்து நீரை மறித்திருக்கக்கூடும். அம்மறிப்பு உடைந்தால் மரமும் கல்லும் சேறும் ஒருங்கே இறங்கும். அப்போது அறிவித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஓடையோரத்தை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுதலே செய்யத்தக்கது.

வெடிப்பு வளர்கின்றதா என்பதை அறிய, அதன் இருமருங்கும் ஒவ்வொரு முளை அடித்து இடைத்தூரத்தை நாள்தோறும் அளந்து வருக. தூரங் கூடினால் நிலம் நகர்கின்றது என்பதில் ஐயமில்லை. வெடிப்பினுள் மழைநீர் இறங்காதபடி களிமண்ணை இட்டு இறுக்கி, மேலே பொலித்தீன் விரித்து, நீரை அப்பாற் செலுத்தும் சிறு கானொன்று மேற்புறத்தில் வெட்டுதல் வேண்டும்.

கான்களும் பயிர்ச்செய்கையும்

மண்சரிவைக் குறைக்கக் கமக்காரரின் கையிலுள்ள கருவிகளுள் முதன்மையானது மண்வெட்டியே. கான் வெட்டும் வேலையைப் பணம் மிஞ்சினாற் செய்யும் வேலையாக இன்று பலர் கருதுகின்றனர், இது பெருந்தவறு. தேயிலை மலைகளில் குறுக்குக் கான்களுக்கு 120 அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நீர் ஓடவும் வேண்டும், மண்ணை அரிக்கவும் கூடாது என்பதே அதன் நோக்கம். மரக்கறித் தோட்டங்களுக்கும் இவ்வளவு பொருந்தும். பருவமழைக்கு முன் கான்களிற் படிந்த மண்ணையும் சருகையும் அள்ளி மேற்புறத்தில் இடுக. சிவனொளிபாத யாத்திரை மார்கழிப் பூரணை முதல் வெசாக் பூரணை வரை நடைபெறுவதால், நல்லதண்ணியில் யாத்திரை முடிவதும் மழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழும். பாதையோரக் கான்களில் எறியப்பட்ட பிளாத்திக்குப் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் அவ்விடைவெளியிலேயே அகற்றிவிடல் வேண்டும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். மண்ணரிப்பைத் தடுப்பதற்காகக் கான்களினுள் இடையிடையே சிறு தடுப்புகள் விட்டு நீரைத் தேக்குதல் நல்ல முறையே. ஆயின் வெடிப்புக் கண்ட சரிவில் இதுவே தீமையாகும்; தேங்கிய நீர் ஆழத்துக்கு இறங்கிச் சரிவைத் தூண்டும். அத்தகைய இடத்தில் தடுப்புகளை நீக்கி நீரை விரைவாக வெளியேற்றுக. படிக்கட்டு வயல்களுக்கும் இது பொருந்தும். வரம்பிலோ வயலுக்குக் கீழேயுள்ள சரிவிலோ வெடிப்போ கசிவோ தோன்றினால், மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு முறையே கடவை திறந்து நீரை வடித்து, ஓடையிற் சேர்த்துவிடல் வேண்டும். ஒரு போக நெல் குறைந்தாலும் வயல் எஞ்சும்.

உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பாத்திகளை மேலிருந்து கீழாக அமைப்பதால் நீர் வடியும் என்பது உண்மையாயினும், நல்ல மேல்மண்ணும் அதனோடு வடிந்துவிடுகின்றது. பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, வடிகானோரங்களில் வெட்டிவேரோ மானாப்புல்லோ நெருங்க நடுக. ஆனால் புல்லை நட்டுவிட்டோம், இனி மலை இறங்காது என்று எண்ணற்க. மேல்மண்ணை மட்டுமே அது பிடிக்கும். வேரெட்டாத ஆழத்தில் நிகழும் சரிவுக்கு வடிகாலன்றி வேறு மருந்தில்லை. லயத்துக்குப் பின்னால் குசினி கட்டுவதற்காக மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டுதலையும் விலக்குக.

வெளியேறும்போது

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், மருந்து, மின்சூள் ஆகியன ஒரு பையில் எப்போதும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். விதைநெல்லிலும் விதைக்கிழங்கிலும் ஒரு பங்கைப் பாதுகாப்பான இடத்திலுள்ள உறவினர் வீட்டில் மழைக்கு முன்னரே சேர்த்து வைத்தல் நன்று. மாட்டைப் பார்க்கவென நள்ளிரவில் திரும்பிச் செல்வோர் உளர். பட்டி ஆபத்தான சரிவிலிருப்பின் மஞ்சள் எச்சரிக்கையின்போதே மாட்டை வேறிடத்துக்கு ஓட்டிச் செல்க. அதற்கு நேரமில்லையெனின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்படுக.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் 117 என்னும் தொலைபேசி இலக்கத்திலும், பயிர் பற்றிய ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்துடன் 1920 என்னும் இலக்கத்திலும் தொடர்புகொள்ளலாம். மண் மூடிய வயலையும் தோட்டத்தையும் துப்புரவு செய்யத் தொடங்குமுன், சேதத்தைக் கமநல சேவை நிலையத்துக்குக் காட்டிப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.