தேகப் பிணியும் சித்தப் பிணியும்

உபாசக உபாசிகைகளே! முதுமையாலும் நோயாலும் தளர்ந்த நகுலபிதா என்னும் இல்லறத்தார் பகவன் புத்தரைத் தரிசித்தபொழுது, தேகம் பிணியுற்றாலும் சித்தம் பிணியுறாதிருக்கப் பயிலுமாறு பகவன் போதித்தருளினார். இருதயத்தில் பைபாஸ் சத்திர சிகிச்சை பெற்று இல்லம் திரும்பியோர்க்கு இதுவே முதற்பாடமாம்.

இச்சிகிச்சையில் பிளக்கப்படும் மார்பின் நடுவெலும்பு கூடுதற்கு 6 முதல் 12 வாரங்கள் வேண்டும். அதுவரை பாரம் தூக்கலாகாது. இருமுங்கால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளல் நலம். நடையை நாடோறும் சிறிது சிறிதாக வளர்த்தல் வேண்டும். புண்ணில் சீழோ, காய்ச்சலோ தோன்றின் உடனே மருத்துவரை அடைக.

இனிச் சித்தத்தின் நிலை யாது? காரணமின்றிக் கண்ணீர் பெருகும், உறக்கம் கெடும். உழைத்துண்டு பழகியவர்க்கு, 'இனி யான் எதற்கும் உதவேன்' என்னும் எண்ணம் எழும். முதல் வாரங்களில் இவை பலர்க்கும் நேர்வன, கோழைத்தனமல்ல. எழும் துக்கத்தைத் துக்கமென்றே அறிந்து, மூச்சின்மேல் நினைவை நிறுத்துக. அநித்தியமாதலின் அதுவும் கழியும். சில வாரங்கள் கடந்தும் கழியாதாயின், மருத்துவரிடம் மறையாது கூறுக. சித்தத்திற்கு மருந்துண்ணல் தம்மத்திற்கு விரோதமன்று.

இல்லத்தாரே! நோயுற்றோர்க்குச் செய்யும் பணிவிடை பகவனுக்கே செய்யும் பணிவிடையாமென்பது விநயத்தின் போதனை. ஆதலின் அவர் அழுங்கால் அதட்டாது, அருகமர்ந்து கேளுங்கள்.