டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாத கம்பி

கிரெடிட் கார்டு என்றதும் "நமக்கெதுக்குப்பா அந்த வம்பு?" என்பவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம். கடன் வாங்காதவனே யோக்கியன் என்பது பெரியவர்கள் கணக்கு. வங்கியின் கணக்கு வேறு. கடனே வாங்காதவனைப் பார்த்து, "இவன் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவான் என்று எனக்கெப்படித் தெரியும்?" என்று அது கேட்கிறது.

சிவில் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். சைட்டில் வந்து இறங்கிய கம்பி அருமையான கம்பியாகவே இருக்கலாம். டெஸ்ட் சர்டிபிகேட் இல்லையென்றால் இன்ஜினியர் ஏற்றுக்கொள்ள மாட்டார். லேபில் யு.டி.எம். மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு. டிப்ளமோ முடித்து வெளியே போகும் நாமும் அப்படிப்பட்ட கம்பிகள்தான்!

நம் நாட்டில் இந்தச் சர்டிபிகேட்டை எழுதுபவை கடன் தகவல் நிறுவனங்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. கடனே வாங்காதவருக்கு அந்த மூன்று இலக்க எண்ணே வராது. இதையும் மோசமான ஸ்கோரையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பரீட்சையே எழுதாதது. மற்றது எழுதி அரியர் வைத்தது.

லீவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிச் சேர்த்த 20,000 ரூபாயோடு நான் ஒரு வங்கிக்குப் போனேன். "சம்பள ஸ்லிப் இருக்கா தம்பி? இல்லையா? அப்ப கஷ்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பக்கத்து மேஜையில் இருந்த அம்மாதான் கூப்பிட்டு, "எஃப்.டி. போட்டு அது மேல கார்டு வாங்குப்பா" என்று வழி சொன்னார்.

விஷயம் இதுதான். நம் பணத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போடுகிறோம். அதை ஈடாகப் பிடித்துக்கொண்டு அதில் ஒரு பங்கை, உதாரணமாக 80 சதவீதத்தை, கார்டின் வரம்பாகத் தருகிறார்கள். 20,000 போட்டால் 16,000. டெபாசிட்டுக்கு வட்டி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். கார்டு இருக்கிறவரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது, அவ்வளவுதான். 18 வயது ஆகியிருந்தால் பெரும்பாலும் போதும், சம்பள ஸ்லிப் கேட்பதில்லை. ஆண்டுக் கட்டணம் உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கார்டு வந்தபின் செய்வது சின்ன வேலை. மொபைல் ரீசார்ஜ், பஸ் பாஸ், ஒரு புத்தகம் என்று கையில் காசு இருக்கிற செலவுக்கு மட்டும் தேய்த்து, பில் வந்ததும் கெடு தேதிக்குள் முழுசாகக் கட்ட வேண்டும். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பது ஸ்கோருக்கு நல்லது. "கட்டாவிட்டால் என்ன, டெபாசிட்டில் எடுத்துக்கொள்ளட்டுமே" என்று நினைக்காதீர்கள். வங்கி எடுத்துக்கொள்ளும்தான், ஆனால் தாமதம் என்ற பதிவு ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஒரே சமயத்தில் நாலு வங்கியில் விண்ணப்பம் போடுவதும் ஆகாது. ஒவ்வொரு விசாரணையும் அங்கே பதிவாகிறது.

பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள். இதைத்தான் கால்குலேட்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். பில் 10,000, குறைந்தபட்சம் 500 என்று வைத்துக்கொள்வோம். 500 கட்டினால் பாக்கி 9,500. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 332 ரூபாய் 50 காசு. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 60. ஆக 392 ரூபாய் மறுபடி ஏறிவிட்டது. கட்டிய 500-இல் கடன் குறைந்தது 108 ரூபாய்தான்! போதாததற்கு, பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம். ஊர்க் கந்துவட்டியை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நீங்களே சொல்லுங்கள். கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தாலும் முதல் நாளிலிருந்தே வட்டிதான்.

ஏற்கெனவே ஸ்கோர் கெட்டவர்களுக்கும் எஃப்.டி. கார்டு வழி திறந்தே இருக்கிறது. பழைய பாக்கியைப் பாதிக்குப் பாதி பேசி முடித்தால் "செட்டில்டு" என்று எழுதிவிடுவார்கள். அது வங்கிக்குப் பிடிக்காத சொல். முடிந்தவரை முழுசாகக் கட்டி "க்ளோஸ்டு" என்று எழுத வைப்பதே நல்லது.

நம்மில் பலர் கல்விக் கடனில் படிக்கிறோம். படிப்பு முடிந்து பெரும்பாலும் ஒரு வருஷம் வரை தவணை கிடையாது; வட்டி மட்டும் ஓடும். அதன்பின் தவணை தவறினால் நம் பெயரோடு, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் கெடும். இது கடனோடு நிற்பதில்லை. கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்ததை, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்று சொல்லிவிட்டது. வரலாறே இல்லாதவர் கதை வேறு. அந்த ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் தள்ளக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. இதை மத்திய அரசே 2025-இல் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். தவணையில் எடுத்த செல்போன், அவசரத்துக்கு ஆப்பில் வாங்கிய 2,000 ரூபாய்கூட அதில் நிற்கும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் உடனே புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.